புறக்கடை முட்டைக்கோழிகளுக்கு இயற்கைவழித் தீவனமா, கடைத் தீவனமா? கிருஷ்ணகிரி மாவட்ட வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணத்துக்கும் பாலக்கோட்டுக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில், வீட்டுக்குப் பின்னால் 20 முட்டைக்கோழிகள் வளர்த்துவரும் ஒரு குடும்பம், கடையில் வாங்கிப் போட்டுவந்த லேயர் (முட்டைக்கோழித்) தீவனத்தை நிறுத்திவிட்டு இயற்கைவழித் தீவனத்துக்கு மாறியது. மாறிய சில வாரங்களிலேயே முட்டை பாதிக்கும் கீழே இறங்கியது. கிடைத்த முட்டைகளிலும் பல, கையில் எடுக்கும்போதே விரல் பட்டு நொறுங்கும் அளவுக்கு ஓடு மெலிந்திருந்தன. ஓடே இல்லாத தோல்முட்டைகளும் இடையிடையே கிடந்தன. இயற்கைத் தீவனம் முட்டைக்கோழிக்குப் பத்தாது என்று வீட்டார் முடிவு கட்டினார்கள். அந்த முடிவு சரிதானா என்பதை அறிய, கோழிகள் தின்றது என்ன, அவற்றுக்குத் தேவைப்பட்டது என்ன என்று கணக்குப் பார்த்ததன் விளைவே இந்த ஆய்வு. இந்த வீட்டில் தோற்றது இயற்கைவழித் தீவனம் இல்லை, அரைகுறைத் தீவனம்தான் என்பதே என் கருத்து. இயற்கைவழியா, கடைத் தீவனமா என்ற கேள்வியை, தீவனம் முழுமையாக இருக்கிறதா என்ற கேள்விக்குப் பிறகுதான் எழுப்ப வேண்டும் என்பதை இந்த வீட்டின் கதை தெளிவாகக் காட்டுகிறது.

வீடும் கோழிகளும்

கோழிகளைப் பார்த்துக்கொள்பவர் அந்த வீட்டின் மூத்த பெண்மணி. இருக்கும் கோழிகளில் பெரும்பாலானவை மேம்படுத்தப்பட்ட நாட்டுக்கோழி இனம். நான்கைந்து மட்டும் ஊரிலேயே பொரித்த அசல் நாட்டுக்கோழிகள். இந்த வேறுபாடு தீவன விஷயத்தில் மிக முக்கியமானது. அசல் நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை வரை இட்டுவிட்டு, இடையிடையே அடைக்கு உட்கார்ந்துவிடும். அந்த அளவுக்குத் தேவையானதை அது குப்பைமேட்டிலும் வேலியோரத்திலும் கிளறியே பெரும்பாலும் தேடிக்கொள்ளும். மேம்படுத்தப்பட்ட இனங்கள் அதைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் முட்டையிடும் வகையில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றின் உடம்பு தீவனத்தை எதிர்பார்த்தே உருவாக்கப்பட்டது. ‘எங்கள் அம்மா காலத்தில் கோழிக்கு யார் தீவனம் வாங்கிப் போட்டார்கள்’ என்று கேட்பவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வது வேறு கோழியைப் பற்றி.

மாற்றத்துக்குக் காரணம் வாடிக்கையாளர்கள். கிருஷ்ணகிரி நகரத்தில் சில குடும்பங்கள் இந்த வீட்டு முட்டையை வாரந்தோறும் வாங்குகின்றன. ஆர்கானிக் முட்டையாக இருந்தால் கூடுதல் விலை தருவதாக அவர்கள் சொன்னார்கள். மருமகளுக்கும் அந்த எண்ணம் முன்பே இருந்தது. கைக்குழந்தைக்குக் கொடுக்கும் முட்டை மருந்தில்லாத முட்டையாக இருக்க வேண்டும் என்ற கவலை நியாயமானது. கடைத் தீவனம் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதில் வீட்டுக் கேழ்வரகு, நொய், தவிடு, தொட்டியில் வளர்த்த அசோலா என்னும் நீர்ப்பெரணி ஆகியவற்றைப் போட்டார்கள். கேழ்வரகு அவர்கள் நிலத்திலேயே மானாவாரியாக, மருந்து தெளிக்காமல் விளைந்தது. ஆகவே, மனச்சாட்சிப்படி அது இயற்கைவழித் தீவனம்தான்.

முட்டை குறைந்ததும் நோய் ஏதும் உண்டா என்று முதலில் பார்க்கப்பட்டது. வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பூசி போடப்பட்டிருந்தது. எச்சத்தில் மாறுதல் இல்லை. கோழிகள் சுறுசுறுப்பாகவே இருந்தன. ஆனால் ஒன்றன் முதுகிறகை மற்றொன்று கொத்திப் பிடுங்குவதும், இட்ட முட்டையை உடைத்துத் தின்பதும் தொடங்கியிருந்தன. புரதமும் உப்பும் சுண்ணாம்புச் சத்தும் குறையும்போது முட்டைக்கோழிகளிடம் வழக்கமாகத் தோன்றும் குறிகள் இவை.

புரதக் கணக்கு

ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. இந்த வகைக் கோழி நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் தீவனம் தின்னும். கேழ்வரகில் புரதம் நூற்றுக்கு 7 அளவில்தான் இருக்கிறது. நொய்யிலும் ஏறக்குறைய அவ்வளவே. தவிட்டில் 12 வரை இருக்கும். இவற்றைக் கலந்தால் 100 கிராமில் கிடைப்பது ஏறத்தாழ 8 அல்லது 9 கிராம் புரதம். தின்னும் புரதம் முழுவதும் முட்டைக்குள் போய்விடுவதில்லை. பாதிகூடப் போய்ச் சேராது. கோழி தன் உடம்பையும் இறகையும் அதிலிருந்துதான் பராமரிக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி முட்டைக்கோழித் தீவனத்தில் 16 முதல் 18 விழுக்காடு புரதம் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. வீட்டார் போட்டது அதில் பாதி.

அசோலா அந்தக் குறையை நிரப்பும் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். அசோலாவில் 20 விழுக்காட்டுக்கு மேல் புரதம் உண்டு என்று எல்லாரும் சொல்வது உண்மையே, ஆனால் அது காய்ந்த அசோலாவின் கணக்கு. தொட்டியிலிருந்து அள்ளும்போது நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஒரு கிலோ ஈர அசோலாவில் இருக்கும் புரதம் ஏறத்தாழ 15 கிராம். அதை 20 கோழிகளுக்குப் பகிர்ந்தால் ஒரு கோழிக்கு முக்கால் கிராம் கிடைக்கும். பசுந்தீவனமாக, வைட்டமின்களுக்காகவும் மஞ்சள்கருவின் நிறத்துக்காகவும் அசோலா மிக நல்லது; அதையே புரதத்துக்கு நம்பினால் கோழி ஏமாந்துபோகும்.

புரதத்தின் அளவைக் காட்டிலும் கடினமான சிக்கல் அதன் தன்மையில் இருக்கிறது. முட்டைக்கோழிக்கு முதலில் தட்டுப்பாடாவது மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் கூறுகளில் ஒன்று), தீவனத்தில் 0.3 விழுக்காட்டுக்குக் குறையாமல் அது வேண்டும். கடைத் தீவன ஆலைகள் ஆலையில் தயாரான மெத்தியோனினைச் சிறிதளவு சேர்த்து இதை எளிதாகத் தீர்த்துவிடுகின்றன. இந்திய இயற்கைவழித் தரநெறிகள் தனி அமினோ அமிலங்களைச் சேர்ப்பதை ஏற்பதில்லை. வேதிக் கரைப்பான் கொண்டு எண்ணெய் எடுத்த சோயாப் பிண்ணாக்கையும் ஏற்பதில்லை. ஆகவே, இயற்கைவழித் தீவனம் கலப்பவருக்கு முன்னால் இருக்கும் முதல் கேள்வி மெத்தியோனினை எங்கிருந்து கொண்டுவருவது என்பதுதான். தானியத்தை மாற்றி மாற்றிப் போடுவதால் இதற்கு விடை கிடைக்காது. எள்ளுப் பிண்ணாக்கு, மீன், புழு ஆகிய மூன்றில் ஒன்றிரண்டு இல்லாமல் அந்தக் கணக்கு நேராகாது.

கேழ்வரகும் முட்டை ஓடும்

ஓடு மெலிந்ததற்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவுதான் காரணம் என்று சொன்னபோது அந்த அம்மா அதை ஏற்கவில்லை. “கேவுருல இல்லாத சுண்ணாம்புச் சத்தா தம்பி? களி தின்னுதான் எங்க எலும்பெல்லாம் நிக்குது” என்றார். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் களி தின்று வளர்ந்த எவரும் கேட்கக்கூடிய கேள்வி இது. அதில் உண்மையும் இருக்கிறது. தானியங்களிலேயே சுண்ணாம்புச் சத்து மிகுந்தது கேழ்வரகு; 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம் இருக்கிறது. அரிசியோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு.

மனிதருக்கு அது தாராளம். நாள்தோறும் ஓர் ஓட்டைக் கட்டி வெளியே தள்ளும் உயிருக்கு அது போதாது. ஒரு முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. கோழி தின்னும் கால்சியத்தில் பாதியோ சற்றுக் கூடுதலோதான் ஓட்டுக்குப் போய்ச் சேரும் என்பதால், நாளுக்கு மூன்றரை கிராமுக்குக் குறையாமல் அது உள்ளே போக வேண்டும். 100 கிராம் கேழ்வரகு தருவது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது தேவையில் பத்தில் ஒரு பங்கு. மீதியைக் கோழி தன் எலும்பிலிருந்து உருவி எடுக்கிறது. எலும்பு தளர்ந்ததும் ஓடு மெலிகிறது. அதன் பிறகு முட்டையே நிற்கிறது. கணக்கை இப்படி வைத்துக் காட்டியதும் அந்த அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. பிள்ளை பெற்றவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

இங்கே இயற்கைவழிக்கும் கடைத் தீவனத்துக்கும் சண்டையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல் மாவும் இயற்கைப் பொருள்கள். இயற்கைவழித் தரநெறிகள் இரண்டையும் அனுமதிக்கின்றன. இரண்டிலும் கால்சியம் 38 விழுக்காடு அளவில் இருக்கிறது. கிளிஞ்சலை மாவாக அரைக்காமல் கொரகொரப்பாக உடைத்து, மாலையில் தனிச் சட்டியில் வைப்பது மேல். ஓடு கட்டப்படுவது பெரும்பாலும் இரவில். பெரிய துண்டுகள் இரைப்பையில் தங்கி மெல்லக் கரைந்து, கோழி தின்னாமல் உறங்கும் அந்த நேரத்தில் கால்சியத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வீட்டில் மிஞ்சும் முட்டை ஓட்டையும் வறுத்து நொறுக்கிச் சேர்க்கலாம். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வைப்பது சிலரிடம் வழக்கமாக இருக்கிறது. அது வாயைப் புண்ணாக்குமே தவிர, தேவையான அளவைத் தராது.

கடைத் தீவனத்தைப் பற்றிய அச்சங்கள்

மருமகளுக்கு இருந்த அச்சங்களைத் தனித்தனியாகப் பார்த்தோம், ஏனென்றால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி ‘கெமிக்கல்’ என்று ஒதுக்குவதால் உண்மையான அபாயம் எது என்பது மறைந்துபோகிறது. ஹார்மோன் ஊசி, ஹார்மோன் தீவனம் என்பது நாடு முழுக்கப் பரவியிருக்கும் வதந்தி. முட்டைக்கோழிக்கு ஹார்மோன் கொடுக்கப்படுவதில்லை. அதன் முட்டையிடும் திறன் தலைமுறை தலைமுறையாகத் தேர்வு செய்ததால் வந்தது. மரபணு மாற்றப் பயிர் பற்றிய அச்சத்துக்குச் சிறிது இடமுண்டு. இந்தியாவில் வணிகமுறையில் பயிரிட அனுமதிக்கப்பட்ட மரபணு மாற்றப் பயிர் 2002 முதல் பருத்தி ஒன்றே. ஆயினும் 2021 ஆகஸ்டில் மரபணு மாற்றச் சோயாப் பிண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய நடுவண் அரசு அனுமதி கொடுத்தது. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கை இந்தக் காரணத்துக்காக இல்லாவிட்டாலும் முட்டைக்கோழிக்குத் தவிர்ப்பது நல்லது; அதிலுள்ள காசிப்பால் என்னும் பொருள் மஞ்சள்கருவைப் பாசிநிறமாக்கிவிடும்.

உயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) மருந்து பற்றிய அச்சம் மட்டும் முழு நியாயமுடையது. நோய்க்கு மருந்து கொடுப்பது வேறு. வளர்ச்சிக்காகவும் முன்னெச்சரிக்கைக்காகவும் தீவனத்திலேயே கலந்து நாள்தோறும் கொடுப்பது வேறு. மனிதருக்கு வேறு எந்த மருந்தும் கேட்காத நிலையில் கடைசியாகக் கைகொடுக்கும் கோலிஸ்டின் என்னும் மருந்தைக் கால்நடைத் தீவனத்தில் கலப்பதற்கு 2019 ஜூலையில் தடை வந்தது. அந்தத் தடை தேவைப்பட்டது என்பதே பழக்கம் எவ்வளவு ஊறியிருந்தது என்பதைச் சொல்லும். கடைத் தீவனம் வாங்குகிறவர் மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும். புரதம், கால்சியம், தயாரித்த தேதி ஆகியவற்றோடு மருந்துப் பெயர் ஏதும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; உயிர்க்கொல்லி சேர்க்காத தீவனமா என்று கடைக்காரரிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுத்த லேயர் தீவனத்தைப் போடுவதில் குற்றம் எதுவும் இல்லை. அரைகுறையான வீட்டுத் தீவனத்தால் கோழியின் எலும்பை உருக்குவதைவிட அது ஆயிரம் மடங்கு மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

மாந்தோப்பு

இந்த ஆய்வில் யாரும் எதிர்பாராமல் பெரிதாக எழுந்த செய்தி தீவனத் தட்டில் இல்லை. வேலிக்கு அப்பால் இருந்தது. வீட்டின் கிழக்கே ஒரு மாந்தோப்பு. கோழிகள் காலையில் அவிழ்த்துவிட்டதும் நேராக அங்கேதான் போகின்றன. நிழலும் சருகும் சருகுக்கடியில் பூச்சியும் அங்கேதான் இருக்கின்றன. அந்தத் தோப்பு, இந்தப் பகுதியில் பெரும்பாலான தோப்புகளைப் போலவே, குத்தகைக்கு விடப்பட்டது. மரத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர், பூவிலிருந்து காய் வரை எடுத்தவர் வேறொருவர். மருந்து எப்போது அடிப்பது, எதை அடிப்பது என்பதெல்லாம் குத்தகைக்காரர் முடிவு. மார்கழியில் பூ எடுக்கத் தொடங்கியதிலிருந்து பிஞ்சு நிற்கும் வரை தத்துப்பூச்சிக்காக விசைத்தெளிப்பான் வைத்து மீண்டும் மீண்டும் தெளிப்பார்கள். இமிடாகுளோபிரிட், லாம்டா சைஹாலோத்ரின் போன்றவை வழக்கமாகப் பயன்படுபவை.

தெளித்த மறுநாள் காலையில் அந்தத் தோப்பின் தரையைக் குனிந்து பார்த்தால், சருகின் மேல் செத்தும் சாகாமலும் துடிக்கும் பூச்சிகள் இறைந்து கிடக்கும். கோழிக்கு அது விருந்து. ஓடிப் பிடிக்க வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே பொறுக்கலாம். கொழுப்பில் கரையும் பூச்சிக்கொல்லிகள் கோழியின் உடலுக்குள் போனால் மஞ்சள்கருவிலும் சேரக்கூடியவை. வீட்டில் மருந்தடிக்காத கேழ்வரகைப் போட்டுவிட்டு, பகல் முழுவதும் மருந்தடித்த தோப்பில் மேயவிட்டு, மாலையில் எடுக்கும் முட்டையை ஆர்கானிக் என்று விற்க முடியுமா? முடியாது. பர்கூர், சந்தூர், போச்சம்பள்ளி என்று மாந்தோப்புகள் சூழ்ந்த எந்த ஊரிலும் இந்தக் கேள்வி எழும். புறக்கடைக் கோழிக்கு மேய்ச்சல்தான் உயிர் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்த மேய்ச்சல் நிலம் யாருடையது, அதில் என்ன தெளிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

இதற்குக் கண்ட வழி எளிமையானது, ஆனால் உழைப்பு கேட்பது. வீட்டின் மேற்குப் பக்கத்தில், வேப்பமரமும் முருங்கையும் நிற்கும் இடத்தைப் பழைய மீன்வலையும் மூங்கிலும் கொண்டு அடைத்து, மார்கழி முதல் பங்குனி வரை கோழிகளை அதற்குள்ளேயே விடுவது. குத்தகைக்காரரிடம் மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார்கள், அவர் மறுக்கவில்லை. அடைத்து வைக்கும் அந்த மாதங்களில் புழு பூச்சியும் பச்சையும் குறையும் என்பதால் தட்டில் வைக்கும் தீவனம் இன்னும் முழுமையாக இருந்தாக வேண்டும். மேய்ச்சலும் தீவனமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பவை.

பிண்ணாக்கும் பூஞ்சையும்

புரதத்துக்குக் கடலைப் பிண்ணாக்கு சேர்க்கலாம் என்று முதலில் தோன்றும். செக்கில் ஆட்டிய கடலைப் பிண்ணாக்கில் புரதம் 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது, கரைப்பான் படாதது, உள்ளூரிலேயே கிடைப்பது. ஆனால் மெத்தியோனின் அதில் குறைவு. அதைவிடப் பெரிய அபாயம் அஃப்ளாடாக்சின். ஆஸ்பர்ஜில்லஸ் வகைப் பூஞ்சை நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஈரம் தங்கும்போது சுரக்கும் இந்த நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும், முட்டையைக் குறைக்கும், சமைத்தாலும் வெயிலில் காயவைத்தாலும் போகாது. பூஞ்சைக்கு இயற்கைவழிக் கடலை, மருந்தடித்த கடலை என்ற வேறுபாடு தெரியாது. கடைத் தீவன ஆலைகள் நஞ்சை உறிஞ்சும் பொருள்களைச் சேர்த்துச் சமாளிக்கின்றன. வீட்டில் கலப்பவர்களுக்கு இருக்கும் ஒரே காப்பு, நன்றாகக் காய்ந்த சரக்கை வாங்குவதும் குறைவாக வாங்குவதும்தான். மக்காச்சோளத்தைக் கடித்தால் பல்லுக்கடியில் சத்தம் கேட்க வேண்டும். நகம் பதிந்தால் அது காயவில்லை. பிண்ணாக்கை உடைத்து முகர்ந்தால் எண்ணெய் வாசனைதான் வர வேண்டும், புழுக்க வாடை வரக் கூடாது. ஐயம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தில் கொடுத்துச் சோதிக்கலாம்.

கேழ்வரகுக்கு இங்கே ஒரு நற்பெயர் சொல்லியாக வேண்டும். சரியாகக் காயவைத்த கேழ்வரகு ஆண்டுக்கணக்கில் பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் இருக்கும். தீவனத்தில் அதற்கு ஒரு பங்கு கொடுக்க இந்தப் பண்பும் ஒரு காரணம்.

பட்டுப்புழு

மெத்தியோனினுக்கு விடை பக்கத்திலேயே இருந்தது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் பட்டுக்கூட்டுக்குப் பெயர் பெற்ற மாவட்டங்கள். கூட்டிலிருந்து நூல் எடுத்த பிறகு வெந்த கூட்டுப்புழு மிஞ்சுகிறது. அது காய்ந்த நிலையில் பாதிக்கு மேல் புரதம், அதிலும் மெத்தியோனின் மிகுந்த புரதம். மல்பெரித் தோட்டத்தில் கண்ட மருந்தையும் அடித்தால் முதலில் சாவது பட்டுப்புழுதான் என்பதால், பட்டு விவசாயிகள் இலைக்கு மருந்தடிப்பதில் பொதுவாகவே எச்சரிக்கையாக இருப்பவர்கள். இதை வைத்து அந்தப் புழுவை இயற்கைவழிச் சான்று பெற்றது என்று சொல்லிவிட முடியாது. புழு வளர்ப்பு மனைகளில் கிருமிநாசினிகள் பயன்படுகின்றன. ஆனாலும் உப்பும் மணலும் கலந்து வரும் கருவாட்டுத் தூளைவிட இது நம்பத்தக்கது என்பது என் எண்ணம்.

சிக்கல் ஈரத்தில் இருக்கிறது. நூற்பு நிலையத்திலிருந்து வரும் புழுவில் முக்கால் பங்கு தண்ணீர். அன்றைக்கே வெயிலில் மெல்லியதாகப் பரப்பிக் காயவைக்காவிட்டால் மறுநாள் தெருவுக்கே தெரியும்படி நாறும். எண்ணெய்ப்பசை மிகுந்தது என்பதால் காய்ந்ததையும் நெடுநாள் வைக்கக் கூடாது. அளவு கூடினால் முட்டையில் வாடை ஏறும். தீவனத்தில் நூற்றுக்கு 5 பங்கோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது. மழைக்காலத்தில் புழு காயாத நாட்களுக்கு, பழைய சாக்கும் சாணமும் அடைத்த பானையைக் கவிழ்த்து வைத்துக் கரையான் பிடிக்கும் பழைய வழி கைகொடுக்கும். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது.

கலவையும் செலவும்

இந்த வீட்டுக்கு வகுத்த கலவை, 100 கிலோவுக்கு, மக்காச்சோளம் 25 கிலோ, கம்பு 25, கேழ்வரகு 10, அரிசித் தவிடு 8, செக்குக் கடலைப் பிண்ணாக்கு 12, எள்ளுப் பிண்ணாக்கு 6, காய்ந்த பட்டுப்புழு 5, கிளிஞ்சல் 8, தாது உப்புக் கலவையும் சாப்பாட்டு உப்பும் சேர்ந்து 1 என்று அமைந்தது. இதில் புரதம் 16 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது, கால்சியம் 3.3 அளவுக்கு வருகிறது, மீதியைக் கிளிஞ்சல் சட்டி பார்த்துக்கொள்ளும். எள்ளுப் பிண்ணாக்கைக் கூட்டாததற்குக் காரணம், எள் தோலிலுள்ள ஆக்சாலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும் என்பது. தானியங்களை மாவாக்காமல் குருணையாக உடைக்க வேண்டும்; முழுதாகப் போட்டால் கோழி மக்காச்சோளத்தை மட்டும் பொறுக்கிவிட்டு மற்றவற்றைக் கிளறித் தள்ளும். பழைய தீவனத்திலிருந்து புதியதற்கு ஒரு வாரம் பத்து நாள் கலந்து கலந்து மாற்ற வேண்டும்.

கம்புக்கு இவ்வளவு இடம் கொடுத்தது விலையைப் பார்த்து. 2025-26 பருவத்துக்கு அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு மக்காச்சோளம் 2,400 ரூபாய், கம்பு 2,775, கேழ்வரகு 4,886. கம்பில் புரதம் மக்காச்சோளத்தைவிடவும் கேழ்வரகைவிடவும் கூடுதல். விலையோ கேழ்வரகில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. சொந்த நிலத்தில் விளைந்தது என்பதால் கேழ்வரகு செலவில்லாத் தீவனம் என்று வீட்டார் நினைத்திருந்தார்கள். அரசுக் கொள்முதல் நிலையத்தில் போட்டால் கிலோவுக்கு 48 ரூபாய்க்கு மேல் கிடைக்கும் பொருளைக் கோழிக்கு இறைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதே உண்மை. கேழ்வரகை விற்று மக்காச்சோளமும் கம்பும் வாங்கினால், கையில் மிஞ்சும் பணத்தில் பிண்ணாக்கும் கிளிஞ்சலும் வாங்கலாம். மக்காச்சோளத்தை விட்டுவிடாததற்கு வேறு காரணமும் உண்டு. மஞ்சள்கருவுக்கு நிறம் அதிலிருந்தும் முருங்கை, அகத்தி போன்ற பச்சையிலிருந்தும்தான் வருகிறது. வெளிறிய மஞ்சள்கருவைப் பார்த்து இது ஆர்கானிக் இல்லை என்றும், செம்மஞ்சளைப் பார்த்து இது ஆர்கானிக் என்றும் வாடிக்கையாளர்கள் சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

என்ன பெயரில் விற்பது

மக்காச்சோளமும் கம்பும் அக்கம்பக்கத்து உழவர்களிடம் கேட்டு வாங்கியவை. சிலர் உரம் போட்டவர்கள், சிலர் போடாதவர்கள். நாட்டின் இயற்கைவழி உற்பத்தித் திட்டத்தின்படி ஆண்டுப் பயிர் விளையும் நிலம் மாறுதல் காலமாக 2 ஆண்டுகளைக் கடக்க வேண்டும். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல் விற்கும் சிறு உற்பத்தியாளர் நேரடியாக நுகர்வோருக்கு விற்கும்போது ஆர்கானிக் சான்றிதழ் கட்டாயமில்லை என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் விலக்கு அளிக்கின்றன. சான்று பெற்ற ஆர்கானிக் உணவுக்கான ஜைவிக் பாரத் முத்திரையை மட்டும் அவர் பயன்படுத்த முடியாது. அந்த விலக்கு, உண்மையிலேயே இயற்கைவழி முறையில் உற்பத்தி செய்பவர்களுக்காக வந்தது. தீவனத்தில் பாதி எப்படி விளைந்தது என்று தெரியாமலும் தாது உப்புக் கலவையைக் கடையில் வாங்கியும் கோழி வளர்ப்பவர் ஆர்கானிக் என்ற சொல்லைப் பயன்படுத்துவது சரியில்லை என்று நான் சொன்னேன்; மருமகளும் அதை ஒப்புக்கொண்டார். உயிர்க்கொல்லி கலக்காத தீவனம், மருந்தடிக்கும் மாதங்களில் தோப்பில் மேயவிடாத கோழிகள் என்று உள்ளதை உள்ளபடி வாடிக்கையாளர்களிடம் சொன்னார்கள். ஓரிருவர் வாங்குவதை நிறுத்தினார்கள். மற்றவர்கள் தொடர்ந்து வாங்குகிறார்கள். கூடுதல் விலையும் தருகிறார்கள், எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்றாலும்.

கலவைக்கு மாறிய பின் முதலில் சீரானது ஓடு. தோல்முட்டை சில நாட்களிலேயே நின்றது. இறகு கொத்துவது மெல்லக் குறைந்தது. முட்டை எண்ணிக்கை ஏறக்குறையப் பழைய அளவுக்குத் திரும்பியது. கார்த்திகை, மார்கழியில் மறுபடியும் கொஞ்சம் இறங்கியபோது வீட்டார் தீவனத்தைக் குறை சொன்னார்கள். அந்த மாதங்களில் பகல் பொழுது பதினொன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கிவிடுகிறது, முட்டைக்கோழிக்கு 14 மணி நேர வெளிச்சமாவது வேண்டும். விடியலுக்கு முன் கூண்டில் ஒரு சிறு விளக்கைப் போட்டு அதைச் சரிசெய்யலாம்.

பட்டுப்புழு கிடைக்காத வாரங்கள் வரும்போது இந்த வீடு கடை லேயர் தீவனத்தை வாங்கி, மற்ற எதையும் அதோடு அதிகம் கலக்காமல் போடுகிறது. லேயர் தீவனம் கணக்குப் பார்த்து முழுமையாகச் செய்யப்பட்டது. அதோடு பாதிக்குப் பாதி தானியத்தைக் கலந்தால் புரதமும் கால்சியமும் மறுபடியும் நீர்த்துப்போகும். மாலையில் கூண்டுக்கு அழைக்க ஒரு பிடி கம்பு போடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பக்கத்து நிலத்தில் உரமும் மருந்தும் போடாமல் கம்பு விதைக்க ஓர் உழவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். எள்ளும் அப்படியே கிடைத்தால் பிண்ணாக்கைத் தனியாக ஆட்டி எடுக்கலாம் என்று மருமகள் செக்குக்காரரிடம் பேசிவைத்திருக்கிறார்.